நீர் வடிகிற கண்ணில் வறட்சி: மருதமுனை நெசவாளர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 48 வயதுப் பெண். ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்கு வடக்கே மருதமுனை. தொழில் கைத்தறி நெசவு, கலியாணத்துக்கு முன்பிருந்தே தறியில் இருப்பவர். ஆடி மாதம், கச்சான் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்த நாட்களில் கிளினிக்குக்கு வந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், ஆளை இன்னார் என்று காட்டிவிடக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முறைப்பாடு ஒன்றே ஒன்று: இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது. காலையில் அவ்வளவாக இல்லை, தறியில் இருந்து ஒரு மணித்தியாலம் போனால் தொடங்கிவிடும், பின்னேரம் ஆக ஆகக் கூடும், வெளியே காற்றில் இறங்கினால் முந்தானையால் துடைத்துத் துடைத்தே கன்னம் புண்ணாகிவிடும். "கண்ணுக்குள்ள மண் கிடக்கிற மாதிரி இரிக்கி டொக்டர், நூல் இரண்டாத் தெரியுது, கண்ணை மூடித் திறந்தா சரியாகுது" என்றார். இந்தக் கடைசி வாசகத்தை யார் சொன்னாலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். இமைத்தால் தெளிகிற பார்வை, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மங்குகிறது என்றால் கண்ணாடி நம்பரைப் பற்றி யோசிக்கும் முன் கண்ணின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்.

இதற்கு முன் ஓரிடத்தில் கண்ணீர்க்குழாய் அடைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் அலர்ஜி என்று. அலர்ஜி என்றவர்கள் ஒருமுறை எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து நன்றாகக் கேட்டதாம், இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டதாம். அதற்குப் பிறகு சிவக்கும்போதெல்லாம் வெறும் போத்தலைப் பாமசியில் காட்டி அதே மருந்தை வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு வருடத்துக்கும் மேலாக. பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்துத் தந்தார். லேபலில் பாதி எழுத்து கைபட்டு அழிந்திருந்தது, மூடியின் சுரையில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. மிச்ச எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தால் டெக்ஸாமெதசோன், கூடவே ஒரு அன்டிபயோடிக். அதாவது ஸ்டீரொயிட். திறந்து எத்தனை நாள் என்று கேட்டேன், இரண்டு மூன்று மாதம் இருக்கும் என்றார். இப்படியான போத்தல்களைத் திறந்து 28 நாளில் எறிந்துவிட வேண்டும்.

வேறு மருந்து எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள்தான், "உம்மா ராவைக்கு பிரிட்டன் போடுறயே" என்றார். பிரிட்டன் என்பது குளோர்பெனிரமைன் என்ற அலர்ஜிக் குளிசை, 4 மி.கி., தினமும் இரவில் ஒன்று, கண் அரிப்புக்கென்று தொடங்கி நித்திரைக்குப் பழகிப்போனது. நம் பக்கத்தில் பிரிட்டனை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே "என்ன மருந்து எடுக்கிறீர்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது, தடிமனுக்கு என்ன, நித்திரைக்கு என்ன, அரிப்புக்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்தக் குளிசை வாயை உலர்த்துகிற மாதிரியே கண்ணீர்ச் சுரப்பியையும் உலர்த்தும். அமிட்ரிப்டிலின் போன்ற குளிசைகளும், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயினும் வறட்சியைக் கொண்டுவரும், வழி மட்டும் வேறு வேறு.

வாய் காய்கிறதா என்று கேட்டேன். காய்கிறது, விசுக்கோத்து சாப்பிட்டால் தண்ணீர் வேண்டும் என்றார். அந்தப் பதிலைச் சும்மா விட முடியாது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பரிசோதனைக்கு ஒரு வரிசை இருக்கிறது. அவசரத்தில் எல்லோரும் இதைக் கோட்டை விடுகிறோம். கண்ணைத் தொடுகிற, மடலைப் பிதுக்குகிற எந்தப் பரிசோதனையும் கண்ணீரின் நிலையை மாற்றிவிடும், அதனால் தொடாமல் பார்க்கக்கூடியவை முதலில். கண் வறட்சியின் தொல்லையை அளக்கும் ஓ.எஸ்.டி.ஐ. கேள்விக்கொத்தில் 12 கேள்விகள், மொத்தம் 0 முதல் 100 வரை, 13க்கு மேல் போனால் வறட்சி என்று சந்தேகிக்கலாம், 33க்கு மேல் கடுமை. அதில் இரவில் வாகனம் ஓட்டுவது, கணினி அல்லது ஏ.டி.எம். இயந்திரம் பாவிப்பது பற்றிக் கேள்விகள் வரும், இவருக்கு இரண்டும் கிடையாது. அப்படிப் பொருந்தாத கேள்விகளை விட்டுவிட்டு, விடைகளின் கூட்டுத்தொகையை 25ஆல் பெருக்கி, விடை சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் பிரிக்க வேண்டும். இவருக்கு 10 கேள்விக்கு 22 புள்ளி, ஆகவே 55.

பார்வை இரண்டு கண்ணிலும் 6/9, இமைத்தால் 6/6. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடியே போட்டதில்லை, 48 வயதில், நூல் முடிச்சுப் போடுகிற தொழிலில்! கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் கீழ் மடல் ஓரத்தில் கண்ணீர்க் கோடு மெல்லியதாக இருந்தது, நீர் வடிகிறது என்று வந்தவருக்கு இது ஒரு முரண். வலது கண்ணின் கீழ் மடலைச் சற்று இழுத்தபோது உள்ளே ஒரு நீல நூற்பிசிறு, இமைமயிர் அளவு நீளம், சளியில் ஒட்டிக் கிடந்தது. அந்தக் கிழமை நீலச் சாரம் நெய்துகொண்டிருந்தாராம். தொட வேண்டிய இரண்டைச் சாயமும் ஷர்மரும் முடிந்தபின்தான் செய்தேன், முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல் மடலைப் புரட்டிப் பார்த்தேன், பெரிய கொப்புளங்களோ பழைய தழும்போ இல்லை. கருவிழியின் உணர்ச்சி, பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது.

அடுத்து ஃபுளோரசீன் சாயம். சாயத்தை விட்டு, இமைக்கச் சொல்லி, பிறகு இமைக்காமல் பார்க்கச் சொன்னால், நீல வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் கிழிந்து கறுப்புத் திட்டு விழுகிறது என்று எண்ணலாம். 10 நொடிக்குக் குறைந்தால் அது சரியில்லை. இவருக்கு வலது கண் 3 நொடி, இடது 4. கருவிழியின் கீழ் மூன்றிலொரு பகுதியில் புள்ளி புள்ளியாகச் சாயம் ஒட்டியிருந்தது, இரண்டு கண்ணிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். அந்த இடம் எனக்கு ஒன்றைச் சொன்னது: மேல் மடல் முழுதாக வந்து கீழ் மடலைத் தொடுவதில்லை.

ஷர்மர் பரிசோதனை, 1903இல் ஒட்டோ ஷர்மர் சொன்னது, இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. வடிதாள் கீற்று ஒன்றைக் கீழ் மடலில் கொளுவி 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. 5 மி.மீ.க்குக் குறைந்தால் கடுமையான நீர்க்குறைவு. இவருக்கு 8, 9. நடுவில் நிற்கிறது. கண்ணீர்க்குழாயில் உப்புநீர் செலுத்திப் பார்த்தோம், தடையில்லாமல் தொண்டைக்குப் போனது, அடைப்புக் கதை அத்தோடு முடிந்தது.

மடல்களை விரலால் மெதுவாக அழுத்தியபோதுதான் நோயின் பெரும்பங்கு தெரிந்தது. மடல் விளிம்பில், மேலே 25 முதல் 40 வரை, கீழே 20 முதல் 30 வரை, மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக உண்டு. 1666இல் ஹைன்ரிக் மெய்போம் விபரித்ததால் அந்தப் பெயர். அவற்றிலிருந்து தெளிந்த எண்ணெய் கசிய வேண்டும். இவருக்குப் பல வாய்கள் மூடிப்போயிருந்தன, திறந்திருந்தவற்றில் இருந்து பற்பசை போலக் கட்டியாக வந்தது. விளிம்பில் கறுப்பாகத் தூள் படிந்திருந்தது. சுருமா என்கிற கண் மை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று மடலின் உள்விளிம்பிலேயே இழுத்துக்கொள்வாராம். அந்த விளிம்பில்தான் எண்ணெய் வாய்கள் இருக்கின்றன. தவிர, சுருமா பலவற்றில் ஈயம் இருக்கிறது.

கடைசியாகக் கண் அழுத்தம், மி.மீ. பாதரச அளவில்: வலது 25, இடது 24. வழமையான எல்லை 10 முதல் 21. ஒரு வருடம் ஸ்டீரொயிட் விட்ட கண்ணில் இது நான் பயந்துகொண்டிருந்த விடயம். ஸ்டீரொயிட் சொட்டு தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு அழுத்தம் ஓரளவாவது ஏறும், வலி இருக்காது, ஆள் உணரவே மாட்டார், குளுக்கோமா கண் நரம்பைத் தின்றுகொண்டே போகும். நல்ல காலம், நரம்புத் தட்டில் குழியின் பங்கு 0.4, இரண்டு பக்கமும் சமம், பார்வைப் புலம் முழுதாக இருந்தது, வில்லையிலும் புரை இல்லை.

சரி, நீர் வடிகிற கண் எப்படி வறண்ட கண் ஆகும்? கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. கருவிழியோடு ஒட்டவைக்கும் சளி, அதன் மேல் நீர், நீர் ஆவியாகாமல் காக்க மேலே எண்ணெய், மூன்றும் சேர்ந்துதான் அந்தப் படலம். எண்ணெய் போதாவிட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகும், மிஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறும், உப்பு ஏறினால் மேற்பரப்புச் செல்கள் நோகும், அழற்சி வரும், கருவிழி நரம்புகள் கூச்சலிடும். அந்தக் கூச்சலைக் கேட்டு கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. கொட்டுவதோ எண்ணெயும் சளியும் சரியாகச் சேராத நீர், கண்ணில் தங்காமல் கன்னத்தில் ஓடிவிடும். ஓடியபின் கண் பழையபடி காய்ந்து கிடக்கும். கண் வறட்சி பற்றிய சர்வதேச நிபுணர் குழுவின் டியூஸ் 2 அறிக்கை, 2017இல் வந்தது, இந்த நோயை வரையறுக்கும்போது படலத்தின் உறுதியின்மை, உப்புச் செறிவு, அழற்சி, நரம்புக் கோளாறு எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னது இதனால்தான். ஒன்று மற்றதைத் தூண்டி வட்டமாகச் சுற்றுகிற நோய் இது. செயற்கைக் கண்ணீரை மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்த வட்டம் எங்கே தொடங்கியது என்பது அப்படியே கிடக்கும்.

இவருக்கு எங்கே தொடங்கியது? அதைக் காட்டியது மகளின் போன். தறியில் இருக்கும்போது முகத்தை மட்டும் கிட்ட வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவரச் சொன்னேன். என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது நிமிடத்துக்கு 17 தடவை இமைத்தவர், தறியில் 5 தடவை. அதிலும் 2 தான் முழு இமைப்பு, மற்றவை மடல் பாதி வந்து திரும்பியவை. குறுக்கு நூலைக் கொண்டோடும் நாடா வலமும் இடமும் ஓடும்போது கண் அதன் பின்னாலேயே போகிறது. நடுவில் பாவு நூல் ஒன்று அறுகிறது, குனிந்து முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறார், முடிச்சு இறுகும்வரை ஒருதரம்கூட இமைக்கவில்லை. மேசை ஃபேன் ஒன்று நேரே முகத்துக்கு வீசுகிறது. கணினி முன்னால் இருப்பவர்களுக்கு இமைப்புக் குறையும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நெசவு, தையல், குர்ஆன் மனனம், பீடி சுற்றுதல் என்று கண்ணைக் குவித்துச் செய்யும் எந்த வேலைக்கும் அது பொருந்தும்.

அதற்கு மேல் கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் வைகாசி கடைசி தொடங்கி ஆவணி வரை இந்தக் காற்றில் கண் எரிச்சல் முறைப்பாடுகள் கூடும். இந்தக் காலத்தில் சிறுபோக அறுவடையும் வரும், அதனால் ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நெல் சுணையோ இலை நுனியோ கண்ணில் பட்டு, ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வறட்சி இல்லை. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதில் ஸ்டீரொயிட் சொட்டு விட்டால் கண்ணே போகும். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். தாய்ப்பால், தேன், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, இவை எதையும் அந்தக் கண்ணில் விடாதீர்கள். காயமில்லாத கண்ணிலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், கிருமியற்றது என்று உறுதியில்லாத எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது.

இப்போது வாய் காய்கிற விடயம். நடுத்தர வயதுப் பெண், கண்ணும் வாயும் சேர்ந்து காய்கிறது என்றால் ஷோக்ரன் நோயைக் கட்டாயம் நினைக்க வேண்டும். 1933இல் சுவீடன் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோக்ரன் தன் ஆய்வேட்டில் விபரித்தது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்குகிற நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ 9 மடங்கு. அது கண்ணோடு நிற்காது, மூட்டு, நுரையீரல், நரம்பு என்று போகும், நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். காலையில் மூட்டு இறுக்கம் இருக்கிறதா, காதுக்குக் கீழே வீங்குகிறதா, பல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாகிறதா என்று கேட்டோம், எதுவும் இல்லை. இந்த நோய்க்கான இரத்தப் பரிசோதனைகள், எதிர்-ரோ, எதிர்-லா, ஏ.என்.ஏ., முடக்குவாதக் காரணி எல்லாம் எதிர்மறை. சிலருக்கு இரத்தத்தில் ஒன்றும் காட்டாமலும் இந்த நோய் இருக்கும், அப்போது உதட்டுச் சுரப்பியில் சிறு துண்டெடுத்துப் பார்க்க வேண்டிவரும். இவர் விடயத்தில் குளோர்பெனிரமைன் என்ற வலுவான சந்தேக நபர் கையிலேயே இருந்ததால், அதை நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதென்று வைத்தோம்.

ஆக, நோய் நிர்ணயம்: மெய்போமியன் சுரப்பி அடைப்பால் வந்த ஆவியாதல் வகை வறட்சி, அதன் மேல் குளிசையால் வந்த நீர்க்குறைவு, கூடவே போத்தல் மருந்தின் பாதுகாப்புப் பொருளால் வந்த எரிச்சல், தனியே ஸ்டீரொயிட்டால் ஏறிய கண் அழுத்தம். பென்சல்கோனியம் குளோரைட் என்ற அந்தப் பாதுகாப்புப் பொருள் பெரும்பாலான போத்தல் சொட்டுகளில் உண்டு, அடிக்கடி விட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பை அரிக்கும்.

முதல் வேலை நிறுத்துவது. ஸ்டீரொயிட் சொட்டு, பிரிட்டன், சுருமா மூன்றும் நின்றன. ஸ்டீரொயிட்டை நிறுத்தியதும் ஒரு கிழமை கண் நன்றாகச் சிவக்கும், பயந்து திரும்ப வாங்கிவிடாதீர்கள் ராத்தா என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினோம். சொன்னபடியே சிவந்தது, தொலைபேசியில் கேட்டார், ஆனால் அந்தச் சொட்டைத் திரும்ப வாங்கவில்லை. இதை முன்னால் சொல்லாவிட்டால் அந்த வெறும் போத்தல் மறுபடியும் பாமசிக்குப் போயிருக்கும்.

சிறு குப்பிகளில் வரும், பாதுகாப்புப் பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர், கார்பொக்சிமெதில் செலுலோஸ் 0.5%, பகலில் ஆறு தடவை, படுக்கும்போது கண் களிம்பு. இந்தச் சிறு குப்பிகள் விலை கூடியவை என்பது உண்மை. நாளைக்கு நான்கு தடவைக்குக் கீழே விடுபவர் என்றால் சாதாரண போத்தலே பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் காசைப் பார்க்காமல் இதுதான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

மடலுக்குச் சூடு. உறைந்த எண்ணெய் இளக மடலில் 40 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும், அதுவும் 5 முதல் 10 நிமிடம். ஒரு துணியைச் சுடுநீரில் நனைத்து வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், பலருக்குப் பலன் தெரியாமல் போவது இதனால். பிளாஸ்க்கில் சுடுநீர், இரண்டு துணி, ஒன்று கண்ணில் இருக்கும்போது மற்றது நீரில், முதலில் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அப்புறம் மேல் மடலைக் கீழ்நோக்கியும் கீழ் மடலை மேல்நோக்கியும் விரலால் நீவி, விளிம்பைத் துடைக்க வேண்டும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் இஷாத் தொழுகைக்குப் பிறகும் என்று நேரத்தை அவரே வைத்துக்கொண்டார், அதனால்தான் விடாமல் செய்தார் என்று நினைக்கிறேன்.

டொக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும் ஒன்று, ஆறு கிழமை. கிருமி கொல்வதைவிட மடல் அழற்சியைத் தணிப்பதற்கும் எண்ணெயின் தன்மையைச் சீராக்குவதற்கும்தான் இங்கே அது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தபின், சாப்பாட்டோடு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு, போட்டதும் படுக்காமல். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்றும் சொன்னோம். எருமைத் தயிர் இல்லாமல் சோறு இறங்காத ஊர் இது, பாலும் தயிரும் மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் தயிரை மற்ற நேரச் சாப்பாட்டுக்கு மாற்றச் சொன்னோம்.

தறியில் ஃபேனைக் காலடிக்குத் திருப்பினார்கள். கிட்டப் பார்வைக் கண்ணாடி +1.75, அது காற்றையும் கொஞ்சம் மறைக்கும். ஒவ்வொரு முடிச்சுக்குப் பிறகும் கண்ணை முழுதாக மூடி, மெல்ல அழுத்தி, திறக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துச் செய் என்றால் யாரும் செய்யமாட்டார்கள், முடிச்சோடு சேர்த்துவிட்டால் கை ஞாபகப்படுத்தும்.

ஆறாம் கிழமையில் அழுத்தம் 17, 16. எனக்கு அன்றைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய் காய்வது நின்றுவிட்டது, ஷர்மர் 13, 14, ஆகவே உதட்டுத் துண்டு தேவைப்படவில்லை. ஓ.எஸ்.டி.ஐ. 30. ஆனால் படலம் இன்னும் 5 நொடியில் கிழிந்தது, சாயப் புள்ளிகளும் முழுதாகப் போகவில்லை. அழற்சி மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சைக்ளோஸ்போரின் 0.05% நாளைக்கு இரண்டு தடவை சேர்த்தோம். ஊரில் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தார்கள். 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, அழுத்தத்தை ஏற்றாது, ஆனால் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், விட்டவுடன் எரியும். அந்த எரிச்சலால் இடையில் நிறுத்திவிடப் பார்த்தார். செயற்கைக் கண்ணீரை விட்டுக் கால் மணித்தியாலம் கழித்து இதை விடச் சொன்னபின் தாங்கக்கூடியதாகிவிட்டது. கண்ணீர் வடிகாலை அடைக்கும் சிறு அடைப்பான் பற்றியும் மகள் வாசித்துவிட்டுக் கேட்டார். அழற்சி இருக்கும்போது வடிகாலை மூடினால் அழற்சிப் பொருட்கள் நிறைந்த கண்ணீர் கண்ணிலேயே தேங்கும், நீர்க்குறைவும் இவருக்கு இப்போது இல்லை, அதனால் வேண்டாம் என்றோம்.

மீனெண்ணெய்க் குளிசை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இவரும் கேட்டார். 2018இல் வெளிவந்த ட்ரீம் ஆய்வில் ஒரு வருடம் தினமும் 3000 மி.கி. ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஒலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாளையும் சூரையும் கரையிலேயே கிடைக்கிற ஊரில் மீனைச் சாப்பிடுங்கள், கண்ணுக்கென்று குளிசைக்குச் செலவழிக்க வேண்டாம்.

ரமழான் வந்தபோது பகலில் சொட்டு விடுவதை நிறுத்திவிட்டார், கண் திரும்பவும் சிவந்தது. கண் சொட்டு நோன்பை முறிக்காது என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள், உங்கள் பள்ளி மௌலவியிடமே கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டுவிட்டு வந்து தொடங்கினார். விட்டபின் மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும், கண்ணில் நிற்பதும் கூடும். இது எந்தச் சொட்டுக்கும், எந்த மாதத்துக்கும் நல்லது.

எட்டாம் மாதம் படலம் 9 நொடி, 8 நொடி. ஓ.எஸ்.டி.ஐ. 15. அழுத்தம் 16, 16. மடலை அழுத்தினால் எண்ணெய் சற்றுக் கலங்கலாக வருகிறது, சில சுரப்பி வாய்கள் திறக்கவே இல்லை, அவை இனித் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் தொடங்கிய நீர்வடிதல் இப்போது காற்று நாட்களில் மட்டும் வருகிறது. சூடு வைப்பது தொடர வேண்டும், சைக்ளோஸ்போரினை வருகிற கச்சான் முடியும்வரை நிறுத்தமாட்டோம், அதற்குப் பிறகு நாளைக்கு ஒருதடவையாகக் குறைத்துப் பார்ப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கிறோம். கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், எந்த வைத்தியரிடம் போனாலும் எந்தப் பாமசிக்குப் போனாலும் காட்டச் சொல்லி: இவருக்கு ஸ்டீரொயிட் கண் சொட்டில் அழுத்தம் ஏறும், கண் வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் கொடுக்க வேண்டாம்.